அரக்கோணத்து ராஜாளியை விசாகப்பட்டினத்தில் பார்ப்பது எப்படி: டியு-142 அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போக ஒரு முழு வழிகாட்டி

நான் வளர்ந்தது அரக்கோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். 1992 மார்ச்சில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் திறந்த பிறகு எங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு சத்தம் வந்து சேர்ந்தது. ஜெட் விமானம் போல் கீச்சென்று கடந்துபோகிற சத்தம் இல்லை. அடிவயிற்றில் அதிர்கிற முழக்கம். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். "ராஜாளி கெளம்பிடுச்சு" என்பாள் பாட்டி. விமானத்தின் பெயர் டியு-142 என்பதோ, அது கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடப் போகிறது என்பதோ எங்களில் யாருக்கும் தெரியாது.

2017 மார்ச் 29-ஆம் தேதி அந்த விமானங்களுக்கு ராஜாளி தளத்தில் விடைகொடுத்தார்கள். 1988-இல் கடற்படைக்கு வந்து 29 ஆண்டுகள், 30,000 மணி நேரம் விபத்தே இல்லாமல் பறந்த விமானங்கள் அவை. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்துபோய், பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டப்பட்டது. 2017 டிசம்பர் 7-ஆம் தேதி அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மனைவி, மகள், மகனோடு. அடுத்த முறை என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு. இரண்டு பயணத்திலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: எந்த வரிசையில் பார்ப்பது?

இந்த விமானத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் மணலில், ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நிஜ நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. தேடுகிற இயந்திரமும் ஒளிகிற இயந்திரமும் ஒரே சாலையின் இரு பக்கங்களில், சில நிமிட நடை தூரத்தில் இருக்கின்றன. இந்த இடத்தின் பெரிய வரமே அதுதான்.

பெரும்பாலானவர்கள் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்குள் நுழைந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, நீர்மூழ்கி முதலில், விமானம் பிறகு. கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிகிறவன் எங்கே, எப்படி ஒளிகிறான் என்று தெரிந்தால்தான் தேடுகிறவனின் கஷ்டம் புரியும். நீர்மூழ்கிக்குள் அரைமணி நேரம் குனிந்து நடந்துவிட்டு வந்த குழந்தை, விமானத்தைப் பார்த்ததும் "இது எப்படிப்பா அதைக் கண்டுபிடிக்கும்?" என்று தானாகவே கேட்கும். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் மீதி நேரம் முழுக்க நீங்கள் எதையும் இழுத்துப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை.

வீட்டிலேயே தொடங்குங்கள்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இரண்டு விஷயங்களைச் செய்துவிட்டால் போதும்.

ஒன்று, தண்ணீருக்குள் சத்தம். கிணற்றிலோ ஆற்றிலோ நீச்சல் பழகியவர்களுக்கு இது தெரியும். ஒருவன் முங்கி இரண்டு கூழாங்கல்லைத் தட்டினால், அந்தப் பக்கம் முங்கியிருப்பவன் காதுக்குள்ளேயே தட்டினாற்போல் கேட்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். ரேடியோ அலையோ, ரேடார் அலையோ, வெளிச்சமோ தண்ணீருக்குள் வெகுதூரம் போகாது. ஒலி மட்டும் போகும். கிணறு இல்லாத வீட்டில் பெரிய பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, உள்ளே இரண்டு கரண்டிகளைத் தட்டிக்கொண்டு, வாளியின் பக்கவாட்டில் குழந்தையைக் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இந்த ஒரு விளையாட்டு அருங்காட்சியகத்தில் பாதிப் பலகைகளைப் படிப்பதற்குச் சமம்.

இன்னொன்று, அளவு. டியு-142 ஏறத்தாழ 53 மீட்டர் நீளம்; இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு 50 மீட்டர். கிரிக்கெட் ஆடுகிற பையனிடம் "ரெண்டரை பிட்ச் நீளம்டா" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வான். என் மகனும் நானும் தெருவில் தப்படி போட்டு அளந்தோம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கிய விமானம் பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் போய் முடிந்தது. அங்கே போய் நின்றதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பிள்ளையார் கோயில் வரைக்கும்!"

எந்த நாள், எந்த நேரம்

திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் முதல் பயணத்தில் வார இறுதிக் கூட்டத்தைத் தவிர்க்கிறோம் என்று நினைத்துத் திங்களன்று போய் இறங்கி, மூடிய கதவுக்கு முன்னால் நின்றோம். மகள் அழுதேவிட்டாள். அடுத்த நாள் வரை தங்க இடம் கிடைத்ததால் பிழைத்தோம். ரயில் டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

வார நாட்களில் பிற்பகல் 2 மணிக்குத் திறந்து இரவு 8:30 வரை வைத்திருக்கிறார்கள். ஞாயிறன்று காலையிலும் சிறிது நேரம் திறப்பது வழக்கம். இரண்டு இடங்களையும் விசாகப்பட்டினம் பெருநகர வளர்ச்சி ஆணையம்தான் நடத்துகிறது. பண்டிகை நாட்களிலும் கடற்படை விழாக்களின்போதும் கடற்கரைச் சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால், முந்தைய நாளே ஓட்டலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாதம் என்று கேட்டால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தக் கடற்கரைப் புழுக்கத்தைக் குழந்தைகளும் முதியவர்களும் தாங்க மாட்டார்கள். அக்டோபர், நவம்பர் புயல் காலம். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் அந்த நகரத்தைப் புரட்டிப் போட்டதை மறந்துவிட வேண்டாம். அந்த மாதங்களில் போவதானால் வானிலை அறிவிப்பைப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

வார நாளில் போக முடிந்தால் செவ்வாய் அல்லது புதன். சனி, ஞாயிறு மாலையில் நகரமே கடற்கரைக்கு வந்துவிடுகிறது.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஹவுரா மெயில் இரண்டும் விசாகப்பட்டினம் வழியாகத்தான் போகின்றன. சுமார் 12 முதல் 14 மணி நேரம் பிடிக்கும். குழந்தைகளோடு போவதானால் இரவு வண்டியில் ஏறிப் படுத்துவிடுவதே நல்லது. நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் கால்மணி நேரத்துக்குள் போய்விடலாம். "ஆர்.கே. பீச், சப்மெரைன் மியூசியம்" என்றால் எல்லா ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். விமானத்தின் பெயரைச் சொல்வதைவிட இது சுலபம்.

கடற்கரைச் சாலையிலோ அதற்கு ஒரு தெரு உள்ளேயோ தங்குங்கள். கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும். குழந்தைக்குத் தூக்கம் வந்தாலோ, அப்பாவுக்குக் கால் வலித்தாலோ, உடனே அறைக்குத் திரும்ப முடியும். இன்னொரு லாபமும் உண்டு. அதிகாலையில் நடைப்பயிற்சிக்காக அந்தச் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். சூரியன் கடலிலிருந்து எழும் நேரத்தில் நடந்துபோய், வேலிக்கு வெளியே நின்று விமானத்தை முழுசாகப் பாருங்கள். கூட்டம் இல்லை, அவசரம் இல்லை. எத்தனை ப்ரொபெல்லர், அவற்றில் மொத்தம் எத்தனை தகடு என்று எண்ணும் வேலையைக் குழந்தைகளிடம் அப்போதே கொடுத்துவிடலாம். விடையை மாலையில் சரிபார்க்கலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சிறிய பை மட்டும். நீர்மூழ்கிக்குள் முதுகுப்பை ஒவ்வொரு வளைவிலும் இடிக்கும். தண்ணீர், ஒரு துண்டு, குழந்தைக்குத் தொப்பி, நோட்டும் பென்சிலும். நுழைவுச்சீட்டு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி, படம் எடுக்கத் தனிக் கட்டணமும் இருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத, குதிகால் இல்லாத செருப்பு அல்லது ஷூ கட்டாயம். புடவையில் வருபவர்கள் இரும்பு ஏணிப்படிகளையும் வட்டக் கதவுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி அடுத்த முறை சுடிதாரில்தான் வந்தாள். கழிப்பறை வேலையை ஓட்டலிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிற்பகல் 2 மணி: குர்சுராவுக்குள்

திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். மாலை ஆக ஆக இங்கேதான் வரிசை நீளும்.

குர்சுரா சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டது. 1969 டிசம்பர் 18-ஆம் தேதி இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல் ஓடி, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்று, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமானது. நீளம் 91 மீட்டர். ஆனால் உள்ளே போனதும் அந்த நீளமெல்லாம் மறைந்துவிடும். குழாய்கள், சக்கரங்கள், கம்பிகள், மீட்டர்கள், இவற்றுக்கிடையே ஒரு ஆள் போகிற வழி.

கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வழிகாட்டிகளாக நிற்கிறார்கள். தெலுங்கு, இந்தி, ஆங்கிலத்தில் சொல்வார்கள். கூட்டத்தோடு ஓடிவிடாமல் அவர்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். குழந்தைகளிடம் மூன்று இடங்களை மட்டும் கவனிக்கச் சொன்னால் போதும்.

முன்னறையில் டார்பிடோக் குழாய்கள். முன்னால் 6, பின்னால் 4. மொத்தம் 22 டார்பிடோக்கள் கொள்ளும். அந்த வெடிகுண்டுகளுக்குப் பக்கத்திலேயே மாலுமிகள் படுத்துத் தூங்கினார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, படுக்கைகளும் சமையலறையும். 75 பேர் இருந்த கப்பல். எங்கள் வீட்டுச் சமையலறையைவிடச் சின்ன இடத்தில் அத்தனை பேருக்கும் சமையல். நன்னீரை அளந்து அளந்துதான் செலவழிக்க வேண்டும். என் மகள் அந்தச் சமையலறை முன்னால் நின்றது போல் வேறெங்கும் நிற்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம்: இயந்திர அறை. மேலே இருக்கும்போது டீசல் இயந்திரம். முங்கிய பிறகு பேட்டரியில் ஓடும் மின் மோட்டார். டீசல் எரியக் காற்று வேண்டும், கடலுக்கடியில் காற்று ஏது? எனவே பேட்டரி தீரத் தீர, கப்பல் மேலே வந்தோ, மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டியோ, டீசலை ஓட்டி மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் அது சத்தம் போடுகிறது. குழாயின் தலை வெளியே தெரிகிறது. ஒளிந்திருக்கிறவன் மூச்சு வாங்க வெளியே வந்தே ஆகவேண்டிய கட்டாயம் இது. தேடுகிறவன் காத்திருப்பது அந்தக் கணத்துக்காக. செல்போன் சார்ஜ் தீர்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாகப் புரியும் உதாரணம் இல்லை.

முழங்கால் வலி உள்ளவர்களும், நெருக்கமான இடத்தில் மூச்சு முட்டும் என்பவர்களும் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகக் குனிந்து, காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் அதன் தலை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கதவிலும் பாருங்கள்.

வெளியே வந்ததும் மணலில் பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் குடிக்கட்டும், பிஸ்கெட் சாப்பிடட்டும். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிரே அவ்வளவு பெரிய விமானம் நிற்கும்போது குழந்தைகள் கண் வண்டிகள் மேல் இருக்காது.

டியு-142: உள்ளே ஏறும் முன் சுற்றி நடங்கள்

எல்லோரும் படியைத் தேடித்தான் ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். இந்த விமானத்தின் கதை பாதிக்கு மேல் அதன் வெளித்தோற்றத்தில்தான் இருக்கிறது.

ப்ரொபெல்லரில் தொடங்குங்கள். காலையில் எண்ணச் சொன்ன கணக்குக்கு இப்போது விடை. 4 இயந்திரம். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு ப்ரொபெல்லர், ஆக 8. ஒவ்வொன்றுக்கும் 4 தகடு, ஆக 32. முன்னது ஒரு பக்கமாகச் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். முன்னது காற்றைத் தள்ளும்போது அந்தக் காற்று முறுக்கிக்கொண்டு போகிறது. அந்த முறுக்கில் வீணாகும் விசையைப் பின்னது பிடித்து, காற்றை நேராக்கித் தள்ளுகிறது. இயந்திரத்தின் பெயர் என்.கே.-12, குஸ்நெட்சோவ் என்ற வடிவமைப்பாளரின் குழு செய்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன்.

ஒரு ப்ரொபெல்லரின் குறுக்களவு 5.6 மீட்டர். ஏறத்தாழ நான்கு ஆட்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றால் வருகிற உயரம் அது. விமானத்தின் சக்கரக் கால்கள் ஏன் இவ்வளவு நெட்டையாக இருக்கின்றன என்று குழந்தைகளைக் கேளுங்கள். ப்ரொபெல்லர் தரையில் இடிக்கக் கூடாதே. அந்தத் தகடுகள் ஓடும் வேகத்தில், விமானம் முழு வேகத்தில் போகும்போது, அவற்றின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும். எங்கள் வீட்டு அலமாரித் தட்டுகளை ஆட்டியது எது என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் கழித்து, நாற்பது வயதில்.

ஜெட் இருக்கும்போது ஏன் ப்ரொபெல்லர்? பெரிய பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். கடலுக்கு மேல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றித் தேட வேண்டும், எரிபொருள் தீரக் கூடாது. இதற்குப் பெரிய ப்ரொபெல்லரே சிக்கனம். அதே சமயம் வேகத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வரை போகும். ப்ரொபெல்லர் வைத்த விமானம் ஒன்று பயணிகள் ஜெட்டுக்கு இணையாகப் பறப்பது பெரிய சாதனை. பின்னால் சாய்ந்த அந்த இறக்கைகளைக் காட்டுங்கள். ஜெட் விமானத்துக்குத்தான் அப்படி வைப்பார்கள்.

அடுத்து உடல். இவ்வளவு நீளமான விமானத்துக்கு உடல் ஏன் இத்தனை ஒல்லி? இதன் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1944-இல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று, ஜப்பான் பக்கம் போன இடத்தில் திரும்ப முடியாமல் சோவியத் நாட்டின் விளாடிவோஸ்டாக்கில் இறங்கின. ஸ்டாலின் அரசு அவற்றைத் திருப்பித் தரவில்லை. துபோலெவ் என்ற வடிவமைப்பாளரின் குழு ஒரு விமானத்தை ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பார்த்து, அதே போல டியு-4 செய்தது. அந்த வம்சத்தில் 1952-இல் பறந்தது டியு-95 குண்டுவீச்சு விமானம். அதன் கடல்வேட்டை வடிவமாக 1968-இல் முதலில் பறந்ததுதான் டியு-142. பி-29-இன் உடல் அகலம் 2.9 மீட்டர். பேரன் காலம் வரை அந்த அகலம் மாறவில்லை.

பின்பக்கம் போங்கள். வாலின் கடைசியில் இரட்டைக் குழல் 23 மில்லிமீட்டர் பீரங்கி. துரத்தி வருகிற விமானத்தைச் சுட வைத்தது. வாலின் உச்சியில் பின்னோக்கி முள் போல நீட்டிக்கொண்டிருப்பதைத் தவறவிடாதீர்கள். பூமியின் காந்தப்புலத்தில் நீர்மூழ்கியின் ஆயிரக்கணக்கான டன் இரும்பு உண்டாக்கும் சின்ன மாறுதலை உணர்கிற கருவி அது. வாலின் உச்சியில் ஏன்? விமானத்தின் சொந்த இரும்பிலிருந்து முடிந்தவரை தள்ளி வைக்கத்தான். இது கிட்டத்தில்தான் வேலை செய்யும் என்பதால், சந்தேகப்பட்ட இடத்தில் விமானம் கடலை ஒட்டித் தாழப் பறக்க வேண்டும்.

அடிவயிற்றுப் பக்கம் ரேடாரின் கூடு. கடல்மட்டத்தில் நீட்டிய மூச்சுக்குழாயையும் தேடிப் பிடிக்கத்தான். இப்போது குர்சுராவின் இயந்திர அறையில் சொன்னதை நினைவுபடுத்துங்கள். என் மகன் சாலைக்கு அப்பால் கையை நீட்டி, "அது மூச்சு விட வந்தா இது பாத்துடும்" என்றான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

காட்சிக்கூடம்: சோனோபாய் முன்னால் நில்லுங்கள்

விமானத்துக்குள் ஏறுவதற்கு முன் ஒரு காட்சிக்கூடம் வரும். இயந்திரம், ப்ரொபெல்லர், தற்காப்பு உபகரணங்கள், கருப்புப் பெட்டி, ஆயுதங்கள் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒலி வழிகாட்டிக் கருவியும் கிடைக்கும். ஆயுதங்களை வேகமாகக் கடந்துவிடுவது என் வழக்கம். பார்த்தாலே புரிந்துவிடும் அவை. பார்த்தால் ஒன்றும் புரியாத, ஏதோ தகர உருளை போல் இருக்கிற சோனோபாய் முன்னால் மட்டும் நின்று கதை சொல்லுங்கள்.

விமானம் மேலிருந்து இதைக் கடலில் போடுகிறது. சின்ன பாராசூட்டில் இறங்கி மிதக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி நுனியில் நீரடி மைக் கீழே இறங்குகிறது. கேட்ட சத்தத்தை மிதவை ரேடியோ வழியே விமானத்துக்கு அனுப்புகிறது. தண்ணீருக்குள் ரேடியோ போகாது, காற்றில் சத்தம் வெகுதூரம் போகாது. இரண்டையும் சேர்த்து வைக்கிற காது இது. இரண்டு மூன்று மிதவைகளில் கேட்பதை ஒப்பிட்டால் கப்பல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று குறித்துவிடலாம். வீட்டில் வாளியில் காதை வைத்துக் கேட்ட குழந்தைக்கு இங்கே முகம் மலரும்.

உள்ளே

உள்ளே ஏறியதும் சில நிமிடம் கண் பழகட்டும். வெளியே அவ்வளவு பிரம்மாண்டம், உள்ளே நெருக்கம். நீர்மூழ்கியும் இதுவும் உள்ளே ஒன்றுபோலவே இருப்பதை என் மகள்தான் முதலில் கவனித்தாள். பத்துப் பேருக்கு மேல் ஆட்கள், பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம், காதை அடைக்கும் அதிர்வு. கடலுக்கு அடியில் ஒருவர் மீட்டரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, கடலுக்கு மேல் இன்னொருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் காலை நீட்ட இடமில்லை.

பின்னால் வருபவர்கள் அவசரப்படுத்துவார்கள். விமானிகளின் அறைப் பக்கம் மட்டும் ஒரு நிமிடம் பிடிவாதமாக நின்றுவிடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் குழந்தையின் முகத்துக்குப் பின்னால் கருவிப் பலகை வருகிற மாதிரி எடுங்கள். வெளிப்புறப் படத்துக்கு மாலை 5 மணி வெளிச்சம் நல்லது. விளக்குகள் போட்ட பிறகு சாலையிலிருந்து எடுத்தாலும் அழகாக வரும்.

வளாகத்தை ஒட்டி சீ ஹாரியர் போர் விமானமும் இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலின் மேல் தளத்தில் செங்குத்தாக இறங்கக்கூடியது. 2016 மே வரை கடற்படையில் இருந்தது. பிள்ளைகளுக்குத் தெம்பு மிச்சமிருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் மறுநாளைக்கு வையுங்கள்.

தாத்தா, பாட்டியோடு போகும்போது

என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. நீர்மூழ்கிக்குள் அவரை ஏற்றவில்லை. நாங்கள் உள்ளே போன நேரத்தில் அவர் வெளியே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விமானத்தை வெளியே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஏற வேண்டிய அவசியமே இல்லை. பெரியவர்களை முன்கூட்டியே களைப்பாக்காமல், மாலை 4 மணிக்கு மேல் நேரே விமானத்துக்குக் கூட்டி வருவதுதான் நல்ல ஏற்பாடு.

வழிகாட்டிகளிடம் நீங்கள் எந்த ஊர் என்று சொல்லுங்கள். அப்பா "அரக்கோணம்" என்றார். அங்கே நின்ற முன்னாள் கடற்படைக்காரர் உடனே தமிழுக்கு மாறிவிட்டார். ராஜாளியில் பல வருஷம் இருந்தவராம். அரக்கோணம் ஸ்டேஷன் டீக்கடையிலிருந்து திருத்தணி படித் திருவிழா வரை இருவரும் பேசித் தீர்த்தார்கள். "சார், நீங்க தூங்க முடியாம திட்டுனது எங்களத்தான்" என்று சொல்லிச் சிரித்தார் அவர். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தைகளிடம் போரைப் பற்றிப் பேச வேண்டும்

இவை கொல்லச் செய்த இயந்திரங்கள். இதை மறைத்துவிட்டு வெறும் பொறியியல் அதிசயமாக மட்டும் காட்டுவது சரியில்லை என்பது என் எண்ணம். பேசுவதற்கு அதே சாலையில் ஓர் இடமும் இருக்கிறது. 'கடலில் வெற்றி' என்ற 1971 போர் நினைவுச்சின்னம், நடந்துபோகும் தூரம்.

1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி இந்தக் கடலோரத்தில்தான் மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளால் என்பது இந்தியத் தரப்பு. தன் சொந்தக் கண்ணிவெடியாலோ உள்வெடிப்பாலோ என்பது பாகிஸ்தான் தரப்பு. 93 பேர் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. குர்சுராவின் படுக்கைகளையும் சமையலறையையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த எண் வெறும் எண்ணாக இருக்காது. என் மகள், "அதுலயும் அப்படித்தான் சின்ன கிச்சன் இருந்திருக்குமாப்பா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

இருட்டிய பிறகு

இனிமேல் கடற்கரை உங்களுடையது. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் முரி மிக்சர் சாப்பிடாமல் வராதீர்கள். பொரியில் வெங்காயம், தக்காளி, வேர்க்கடலை, எலுமிச்சை எல்லாம் போட்டுக் கலந்து தருவார்கள். நம் ஊர்ப் பொரி மசாலாவுக்குத் தூரத்துச் சொந்தம். காரம் ஆந்திரக் காரம். குழந்தைக்குக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். புணுகுலு என்ற சூடான குட்டி போண்டாவும் சுட்ட சோளமும் கிடைக்கும்.

தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். அங்கே அடியிழுப்பு மிக வலுவானது. முழங்கால் அளவு நீரில் நின்றவர்களையும் இழுத்திருக்கிறது. ஆண்டுதோறும் உயிர்கள் போகிற கடற்கரை அது. அலை தொடாத மணலில் விளையாடினால் போதும்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும்போது அப்பா இன்னொரு முறை அந்த வேலி ஓரம் போய் நின்றுவிட்டு வந்தார்.

இப்போது ராஜாளியிலிருந்து பறப்பது பி-8ஐ. 2013-இல் வரத் தொடங்கிய ஜெட். பார்க்கப் பயணிகள் விமானம் போலவே இருக்கும். சத்தமும் அவ்வளவாக இல்லை, தட்டுகள் ஆடுவதில்லை. மாடியில் துணி காயப்போடும்போது அது தலைக்கு மேல் போனால், மகன் கிழக்கே கையைக் காட்டி, "தாத்தா, சோனோபாய் போடப் போகுது" என்கிறான். அப்பா நெற்றியில் கையைக் குவித்து, அது மறைகிற வரை பார்க்கிறார்.